சிவப்புக் கோடு

போளூர்

ஜமுனாமரத்தூரிலிருந்து வரும் வண்டி போளூர் பேருந்து நிலையத்தில் நின்றதும், மேலே மலையில் இப்போது என்ன பருவம் என்று தெரிந்துவிடும். பலாக் காலத்தில் பழம் இறங்கும். புளிக் காலத்தில் கோணி இறங்கும். கார்த்திகை முடியப்போகிற ஒரு காலையில் நான் அங்கே நின்றபோது இறங்கியவர்கள் பையன்கள். ஆளுக்கொரு தோள்பை, சுருட்டிய போர்வை, இரண்டு பேருக்குப் பொதுவாக ஒரு பிளாஸ்டிக் வாளி. மீசை சரியாக அரும்பாத முகங்கள். எங்கே தம்பி கிளம்பிட்டீங்க என்று கேட்டேன். ஒருவன் திருப்பூர் என்றான். இருவர் குடகு என்றார்கள், காப்பிப் பழம் பறிக்க. மற்றவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்தார்கள்.

அவர்கள் இறங்கிய வண்டியிலேயே நான் ஏறினேன். இருக்கைகள் பாதிக்குமேல் காலி.

ஜவ்வாது மலையில் ஒரு சிறிய தொழிற்பயிற்சி நிலையத்தைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் பயிற்றுநர் ஒருவர் நண்பர் வழியாகப் பழக்கம். "பசங்க சேர்றாங்க சார், ஆனா நிக்க மாட்டேங்கிறாங்க" என்று போனில் ஒருமுறை சொன்னார். அது மனதில் தங்கிவிட்டது. காரணம், நான் அம்பத்தூர்க்காரன். 1960களில் தொழிற்பேட்டை வந்தபோது அதை நம்பிக் குடியேறிய பிட்டர், டர்னர், மோல்டர் குடும்பங்கள் நிறைந்த தெரு எங்களுடையது. ஐடிஐயில் சேர்ந்துவிட்டுப் பாதியில் நின்ற ஒருவரைப் பற்றி அந்தத் தெருவில் நான் கேள்விப்பட்டதே இல்லை. அங்கே எல்லோரும் சமர்த்துகள் என்று அதற்கு அர்த்தமில்லை. படிப்பை முடித்தால் வேலை சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

ஜமுனாமரத்தூர்

சமவெளியின் கரும்பும் நெல்லும் விலகி, வளைவுகள் தொடங்கியதும் வண்டியின் சத்தம் மாறுகிறது. சன்னலோரம் இருந்த ஒரு அம்மா முந்தானையால் காதை மூடிக்கொண்டார். நானும் துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டேன். ஜவ்வாது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்கள் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. மலைமேல் இருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயர் அப்படியே தவிர, கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வம்சக் கதை.

ஜமுனாமரத்தூர் ஒரு கடைவீதியும் சில அரசு அலுவலகங்களும் கொண்ட ஊர். ஏரியில் படகுவிடுகிறார்கள், பீமன் நீர்வீழ்ச்சிக்குக் கார்கள் போகின்றன. நான் எதையும் பார்க்கவில்லை. பயிற்றுநர் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். தலையில் குரங்குக் குல்லா, கையில் எனக்கென்று இன்னொரு குல்லா.

நிலையத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. தகரக் கூரைபோட்ட பட்டறைகள், ஒரு வகுப்புக் கட்டடம், வேப்பமரத்தடியில் கொடிக்கம்பம். பிட்டர், எலக்ட்ரீசியன், வெல்டர். முதல் இரண்டும் இரண்டு வருடப் படிப்பு, வெல்டர் ஒரு வருடம். ஒரு பிரிவுக்கு 20 பேர். வாசலுக்கு நேரே சுவரில் தேர்ச்சி விழுக்காடு பெயின்டில் எழுதப்பட்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்தால் எந்தக் கல்லூரி முதல்வரும் பொறாமைப்படுவார்.

"அது பொய்யில்ல சார்" என்றார் பயிற்றுநர், நான் எதுவும் கேட்கும் முன்பே. "பரீட்சை எழுதுனவங்கள்ல அத்தனை பேர் பாஸ்தான்."

அலமாரியிலிருந்து வருகைப் பதிவேடுகளை எடுத்து வந்தார். பழுப்பு அட்டை, நாடாக் கட்டு. ஆவணி மாதத்துப் பக்கத்தில் இருபது பெயரும் வரிசையாக இருந்தன. பக்கத்தைப் புரட்டப் புரட்ட ஒரு பெயருக்கு நேரே வட்டம் வட்டமாக 'ஆ' விழுகிறது. சில வாரங்களில் அந்தப் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் 'பெ.நீ.' என்று குறிப்பு. பெயர் நீக்கம். மார்கழியில் ஒரு கோடு, மாசியில் இரண்டு கோடு. இரண்டாம் வருடப் பதிவேட்டில் கோடு போட வேண்டிய தேவையே இல்லை. கோடு விழுந்தவர்களை விட்டுவிட்டு மிச்சப் பெயர்களை மட்டும் புதிதாக எழுதியிருக்கிறார்கள்.

80 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் அகில இந்தியத் தொழிற்தேர்வுக்கு ஹால் டிக்கெட் வராது. ஆக, தேர்வு எழுத உட்காருகிறவன் ஏற்கெனவே சலித்து எடுக்கப்பட்டவன். அவன் தேறுவதில் வியப்பில்லை. சேர்ந்த இருபது பேரைக் கீழே வைத்து, சான்றிதழோடு வெளியே போனவர்களை மேலே வைத்து வகுத்தால் வரும் எண் எந்தச் சுவரிலும் இருக்காது. இங்கே மட்டும் இல்லை, பெரிய பொறியியல் கல்லூரிகளின் முழுப்பக்க விளம்பரங்களையும் அன்றிலிருந்து அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

"போறவன் சொல்லிட்டுப் போறதில்ல. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டு வருவான். பாஸ்போர்ட் எடுக்க, இல்ல கல்யாணத்துக்கு. அப்பதான் அவன் டிஸ்கன்டினியூ பண்ணதே ஆபீசுக்கு உறைக்கும்."

பிட்டர் பட்டறையில் அரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிட்டர் படிப்பின் முதல் மாதங்கள் பெரும்பாலும் இதுதான். ஒரு இரும்புப் பலகையை வைஸில் பிடித்து, அரத்தால் ராவி, மட்டமாக்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் இடுக்கில் ஒளிக்கீற்று தெரியக்கூடாது. தெரிந்தால் மறுபடி ராவல். கை கொப்பளிக்கும், மறுநாள் கொப்புளம் உடையும், அதே பலகையை மூன்றாம் நாளும் கொடுப்பார்கள். எங்கள் தெருப் பெரியவர்கள் இந்த அரம் பிடித்த கதையை விருது வாங்கிய கதைபோல் சொல்லுவார்கள். ஆனால் அவர்களுக்கு அரத்துக்கு அப்பால் இருந்த ஆலை கண்ணுக்குத் தெரிந்தது. மலையிலிருக்கிற பதினாறு வயதுப் பையனுக்கு வைஸும் பலகையும்தான் தெரிகின்றன. பக்கத்து வீட்டு அண்ணன் கட்டட வேலையில் நாளுக்கு எழுநூறு வாங்குவதும் தெரிகிறது.

எலக்ட்ரீசியன் பிரிவில் ஒரு சின்னத் தந்திரம் செய்திருந்தார்கள். முறைப்படி போனால் பாதுகாப்பு, கருவிகளின் பெயர், ஒயர் சீவுவது, முறுக்கி இணைப்பது என்று வாரங்கள் ஓடும். இவர்கள் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பலகையில் சுவிட்சும் ஹோல்டரும் பூட்டி, ஆளுக்கொரு பல்பை எரிய வைத்துவிடுகிறார்கள். பிறகுதான் ஒயர் சீவல். "பல்பு எரிஞ்ச அன்னிக்கு எவனும் லீவு போட்டதில்ல சார். மாடிப்படி ஒயரிங் வந்தா இன்னும் குஷி. கீழ போட்டு மேல அணைக்கிறது. மாடி வீடே பார்க்காத பசங்க." பிட்டருக்கும் இதுபோல் ஏதாவது செய்யமுடியுமா என்று கேட்டேன். தோசைத் திருப்பி செய்யச் சொல்லிப் பார்த்தாராம். வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் கொடுத்தவர்கள் மறுவாரம் வந்தார்கள். ஆனால் பாடத்திட்டத்தில் தோசைத் திருப்பி இல்லை. இரும்புக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

2013இல் செமஸ்டர் முறை வந்து 2018இல் மறுபடி ஆண்டுத் தேர்வுக்கு மாறியதைப் பற்றிக் கேட்டபோது அவருக்கு இரண்டு மனம். செமஸ்டரில் ஆறு மாதத்துக்கொருமுறை பையனை இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு இருந்தது. ஆனால் முதல் தேர்விலேயே தோற்றவன், அரியரோடு வீட்டுக்குப் போனவன், அப்படியே போய்விட்டான். பணத்தைப் பற்றி மட்டும் தயக்கமில்லாமல் பேசினார். கட்டணம் கிடையாது, சீருடை, பஸ் பாஸ், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை எல்லாம் முன்பே இருந்தன. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022இல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அதே ஆயிரம் வரத் தொடங்கியது. "அதுக்கப்புறம்தான் சார், பையன் ஒரு நாள் வரலைன்னா அம்மாக்காரங்க போன் பண்ணிக் காரணம் சொல்றாங்க."

மலைக்கிராமம்

மதியத்துக்குமேல் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பத்து நாளாக வராத ஒரு பையனின் வீட்டுக்குக் கிளம்பினார். மாதத்தில் சில நாள் இது வழக்கமாம். பெட்ரோல் அவர் காசு. தார்ச்சாலை முடிந்து சிமென்ட் சாலை, அதுவும் முடிந்து மண். இந்தப் பாதையில் ஒரு பையன் தினம் காலையில் இறங்கி, பஸ் பிடித்து, ஒன்பது மணிக்குப் பட்டறையில் நிற்க வேண்டும் என்பதை என் முதுகெலும்பு புரிந்துகொண்டது. இலவச பஸ் பாஸ் உண்டு, பஸ் வரும் இடம்வரை வருவதற்குத்தான் பாஸ் இல்லை. விடுதியில் தங்கினால் பிரச்சினை பாதி தீரும். ஆனால் பிட்டர் படிப்பைப்போலவே விடுதியும் முதல் மாதத்தில்தான் ஆளைத் துரத்துகிறது.

களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜவ்வாதின் சாமைக்குச் சமவெளிக் கடைகளில் இப்போது நல்ல மதிப்பு. எங்கள் பகுதியில் அரைக் கிலோ பொட்டலமாகக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. இங்கே அது கால்நடையாகப் போய் வெட்டி, தலையில் சுமந்து, ஆள் சேர்த்து அடிக்க வேண்டிய பொருள். அறுவடை மாதத்தில் வீட்டிலிருக்கும் வாலிபக் கையை வைஸ் பிடிக்க அனுப்புவதற்கு எந்தக் குடும்பமும் யோசிக்கத்தான் செய்யும்.

"வாங்க சார், ஒக்காருங்க" என்று அந்த அம்மா பாயை உதறிப் போட்டார். பையன் இல்லை. நாங்கள் கேட்பதற்கு முன்பே விவரம் வந்தது. மாமன்மார் குடகுக்குப் போனார்கள், இவனும் கூடப் போய்விட்டான். தங்கைக்குச் சடங்கு செய்த கடன் நிற்கிறது. "தை பொறந்ததும் வந்துருவான் சார். பேரை மட்டும் எடுத்துடாதீங்க."

"எடுக்கல யம்மா. ஆனா தைக்கு மேல என் கையில இல்ல."

அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மலையிலிருந்து இளைஞர்கள் வேலைக்கு இறங்குவதில் குடகும் திருப்பூரும் நல்ல பக்கம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டுக் கூலியாட்கள், ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். "காப்பித் தோட்டத்துக்குன்னு சொல்லிட்டுத்தான் போறாங்க, எங்க போறாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்று திரும்பும் வழியில் பயிற்றுநர் சொன்னார். பதிவேட்டில் ஒரு பெயர் நிற்பது இங்கே படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. ஒரு பையன் இன்று எங்கே இருக்கிறான் என்று தினமும் காலையில் கேட்கிற ஒரே இடம் அதுதான்.

சாப்பிடாமல் விடவில்லை. புதுச் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, சுட்ட கருவாடு. சாமைச் சோற்றை நான் அம்பத்தூரில் உடம்புக்கு நல்லது என்பதற்காகச் சாப்பிட்டிருக்கிறேன். சோறு என்பதற்காகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். மூன்றாவது கரண்டியை நானே கேட்டு வாங்கினேன்.

காவலூர் வழியாக

மறுநாள் ஆலங்காயம் பக்கமாக இறங்கினேன். வழியில் காவலூர். மரங்களுக்குமேல் வானியல் ஆய்வகத்தின் வெள்ளைக் கூண்டு தெரிகிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அதற்குள் இருக்கிறது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டியது. அதன் பிரம்மாண்டமான தாங்கியையும் பல்சக்கரங்களையும் யாரோ பிட்டர்களும் டர்னர்களும்தான் அரத்தையும் மைக்ரோமீட்டரையும் வைத்துச் சரிபார்த்திருப்பார்கள். பட்டறைப் பையன்களை இங்கே கூட்டிவந்து காட்டுவீர்களா என்று பயிற்றுநரைக் கேட்க மறந்துவிட்டேன்.

வாணியம்பாடி

மலை முடிந்ததும் காற்றில் தோல் வாடை. வாணியம்பாடியில் மதியப் பிரியாணி, கூடவே புளிப்பும் எண்ணெயும் சேர்ந்த கத்தரிக்காய். முந்தைய நாள் சாமைக்கு இது நேர் எதிர். இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் சங்கடப்படுவேன்.

சாப்பிட்டு முடித்து, பயிற்றுநர் குறித்துக் கொடுத்த கிரில் பட்டறையைத் தேடிப் போனேன். சிவப்புக் கோடு விழுந்த பெயர் ஒன்று அங்கே வேலை செய்கிறது. வெல்டர் பிரிவில் சேர்ந்து பாதி வருடத்தில் நின்றவன். இரும்புக் கேட்டை நிமிர்த்திவைத்து முகமூடியை மேலே தள்ளியபோது சிரித்த முகம்.

"சார் அனுப்பினாரா? திட்டினாரா?"

திட்டவில்லை என்றேன். அதில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஏன் நின்றாய் என்ற கேள்விக்கு அவன் வைத்திருந்த பதில் எளிமையானது. விடுமுறையில் இந்தப் பட்டறைக்கு உதவிக்கு வந்தான். நிலையத்தில் ஒரு நாளைக்கு இரண்டு ராடு கிடைத்தால் அதிகம், மாணவர்கள் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். இங்கே ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் தீர்ந்தது. கை ஓடத் தொடங்கிய பிறகு திரும்பிப் போய்க் கணக்கும் படவரைவும் எழுத மனம் வரவில்லை. வெல்டிங் அவனுக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே வெல்டிங் படிப்பை விட்டான்.

இடைநிற்றல் என்ற சொல்லோடு மலையேறியவன் நான். இவனை அந்தக் கணக்கில் எங்கே வைப்பது? சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை. அவன் போட்ட தையல் சீராக, மீன் செதில்போல் அடுக்கடுக்காக இருந்தது. அதே சமயம், வருத்தமில்லை என்று அவன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. ராணிப்பேட்டையில் பாய்லர் வேலைக்கு ஆள் எடுத்தபோது போயிருக்கிறான். கையைப் பார்க்கும் முன்பு காகிதத்தைக் கேட்டார்களாம். அந்தப் பகுதியை வேகமாகச் சொல்லி முடித்துவிட்டு முகமூடியை இறக்கிக்கொண்டான்.

ஒரகடம்

காஞ்சிபுரத்தை விட்டு மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள், அதே காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வேலை தேடித் திரும்பிவருகிறார்கள். ஒரகடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஆறுவழிச் சாலை, கண்ணுக்கெட்டும்வரை கம்பெனிச் சுவர், ஷிப்டு முடிந்து நீல, சாம்பல் சட்டைகளில் வெளியே வரும் கூட்டம். கொஞ்ச தூரத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கென்று ஒரு விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நான் பார்த்துவந்த மலைக்கிராமங்களில் பல டஜனை அந்தக் கட்டடங்களுக்குள் குடிவைத்துவிடலாம்.

இங்குள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில்தான் 2023 ஜூலையில் முதல்வர் ஸ்டாலின் தொழில் 4.0 மையத்தைத் திறந்துவைத்தார். மாநிலம் முழுக்க 71 அரசு நிலையங்களைத் தரம் உயர்த்த டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு போட்ட திட்டம், மதிப்பு 2,877 கோடி ரூபாய். ரோபாட்டிக்ஸ், மின்வாகனம் என்று புதிய டிரேடுகள் வந்துவிட்டன. வரவேற்க வேண்டிய செலவு, சந்தேகமில்லை. ஆனால் மலையில் ஒரு பயிற்றுநரின் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போட எந்தத் திட்டத்தில் இடமிருக்கிறது என்று கேட்டால் எவரும் சிரித்துவிடுவார்கள்.

மலை நிலையத்தில் பிட்டர் முடித்த பெண் ஒருத்தி இங்கே கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் அப்ரண்டிஸ். பிரிவில் கடைசிவரை நின்றவர்களில் ஒருத்தி. டீக்கடையில் சந்தித்தோம், கூட ஒரு தோழி. அரம் பிடித்த காலத்தை நினைவுபடுத்தினேன். "ஐயோ, அந்தப் பிளேட்டு! இங்க எல்லாம் மெஷின்தாண்ணா. ஆனா கேஜ் போட்டுப் பார்க்கும்போது இது சரியில்லன்னு கைக்கே தெரியுது. மத்தவங்களுக்கு மீட்டர் சொன்னாத்தான் தெரியும்."

கடைசிவரை ஏன் நின்றாள்? வீட்டில் நிலம் குறைவு, அறுவடைக்கு அவள் கை தேவைப்படவில்லை என்றாள். படிப்பை விட்டுவிட்டால் கல்யாணம் பேசுவார்கள் என்ற பயமும் இருந்தது. ஆர்வம், இலட்சியம் என்று நான் எதிர்பார்த்த எதையும் சொல்லவில்லை. இங்கேயும் அதே கதை வேறு பெயரில் நடக்கிறதாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்பதுதான் தை மாதத்தில் சூப்பர்வைசர்களின் கவலை. இரவு ஷிப்டு, அறை வாடகை, நிரந்தரம் ஆகாத வேலை. "எங்க சார் மாதிரி வீட்டுக்கு வந்தெல்லாம் கூப்பிட மாட்டாங்க. கேட் பாஸை பிளாக் பண்ணிட்டு வேற ஆளை எடுத்துருவாங்க."

வாணியம்பாடிப் பையனைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்தவன்தான், ஒரே வருடத்தில் சேர்ந்தவர்கள். "அவன் பிரைவேட்டா எழுதலாமே! மூணு வருஷம் அந்த வேலையில இருந்ததுக்கு அனுபவச் சான்று இருந்தா, தனித்தேர்வரா டிரேடு டெஸ்ட் எழுத விடுவாங்கண்ணா. சொல்லுங்க அவன்கிட்ட."

அங்கிருந்தே அவனுக்குப் போன் போட்டேன். பின்னால் கிரைண்டர் இரைந்துகொண்டிருந்தது. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இன்னும் எத்தனை மாதம் ஆக வேண்டும் என்று விரல்விட்டு எண்ணினான் போலிருக்கிறது, கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டான்:

"சான்று லெட்டர்பேடுலதான் வேணுமா சார்? எங்க முதலாளிகிட்ட பில் புக்கு மட்டும்தான் இருக்கு."